அலாரத்தின் வாயை அடைக்காதீர்கள்!

ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்க வேண்டும்.

2024 ஜனவரியில் என் பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தேன். நியூஜெர்ஸி மாநிலம், எடிசன் என்கிற ஊர். போன மூன்றாம் நாள், ஏழு மாத கர்ப்பிணியான பெண் வாய் விட்டு வத்தக்குழம்பு கேட்டாள். விடுவேனா? நல்லெண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வெந்தயம் சிவந்து, நாலு மிளகாய் வத்தலைக் கிள்ளிப் போட்டேனோ இல்லையோ... கூரையிலிருந்து ஓர் அலறல்! காதைக் கிழிக்கிற சத்தம். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது.

மாப்பிள்ளை மாடியிலிருந்து தடதடவென்று ஓடி வந்தார். ஒரு டவலை எடுத்துக் கூரையைப் பார்த்து விசிறு விசிறு என்று விசிறினார். வாசல் கதவைத் திறந்துவிட்டார். எலும்பைக் குத்துகிற குளிர் உள்ளே வந்தது.

"ஒண்ணுமில்லை அத்தை, ஸ்மோக் அலாரம். உங்க தாளிப்புக்குக் கத்துது" என்றார் சிரித்துக்கொண்டே.

மறுநாள் அப்பளம் பொரித்தேன், கத்தியது. அடுத்த நாள் தோசை கொஞ்சம் தீய்ந்தது, கத்தியது. வெள்ளிக்கிழமை துளி சாம்பிராணி போட்டேன், அதற்கும் கத்தியது. 'இது என்னடா, நாத்தனார் மாதிரி எதற்கெடுத்தாலும் கத்துகிறதே' என்று எனக்கு எரிச்சல். ஒரு நாள், பெண் தூங்குகிற நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, பாத்ரூமில் இருந்த பிளாஸ்டிக் ஷவர் கேப் ஒன்றை எடுத்து, அந்த அலாரத்தின் தலையில் கச்சிதமாக மாட்டிவிட்டேன். அதன் பிறகு வீடு அமைதியாக இருந்தது. அப்பாடா என்று நானும் நிம்மதியாகத் தாளித்தேன்.

நான் மட்டும் இல்லை. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் வந்த எந்த அம்மாவைக் கேட்டாலும் இந்தக் கதை ஒன்று இருக்கும். ஒரு அம்மா பாட்டரியைக் கழற்றி டி.வி. ரிமோட்டில் போட்டுவிட்டாராம். இன்னொருவர் வீட்டில் கிரகப்பிரவேசத்துக்குக் கணபதி ஹோமம் வளர்க்க, தீயணைப்பு வண்டியே வாசலில் வந்து நின்றுவிட்டதாம். கேட்கும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நானும் சிரித்தவள்தான், அந்த ராத்திரி வருகிற வரைக்கும்.

கத்தியது இன்னொன்று

பிப்ரவரியில் ஒரு நாள் பனி கொட்டித் தீர்த்தது. விட்டதும் மாப்பிள்ளை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வாசல் வழியை எல்லாம் சுத்தம் செய்தார். வாரிய பனியை வீட்டின் பக்கச் சுவர் ஓரமாகக் குவித்தார். நல்ல காரியம்தானே, யார் என்ன நினைக்க முடியும்?

அன்று சாயங்காலம் முதலே பெண், "தலை கனமா இருக்கும்மா. வாந்தி வர மாதிரி இருக்கு" என்றாள். மாசமாக இருப்பவளுக்கு இதெல்லாம் சகஜம்தானே என்று சுக்கைச் சந்தனக் கல்லில் உரசி நெற்றியில் பற்றுப் போட்டேன். எனக்கும் தலைவலி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையும் தலையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்ததால் என்றார். ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டோம். மூன்று பேருக்கும் ஏன் ஒரே நாளில் தலை வலிக்கிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். பீப், பீப், பீப், பீப்... சற்று நிறுத்தம். மறுபடியும் நாலு பீப்... நிறுத்தம். படுக்கை அறைக்கு வெளியே, சுவர் பிளக்கில் செருகியிருந்த ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியிலிருந்து வந்தது. அடுப்பு அணைந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. புகையும் இல்லை, வாடையும் இல்லை. 'இதுவும் அதே ஜாதிதான் போலிருக்கிறது' என்று, பெண்ணின் தூக்கம் கெடக் கூடாதே என்ற கவலையில், அதைப் பிளக்கிலிருந்து பிடுங்கக் கையை நீட்டினேன்.

"அத்தை, அதைத் தொடாதீங்க! எல்லோரும் வெளியே வாங்க, உடனே!"

மாப்பிள்ளை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "எட்டு மாசத்துக்காரியை இந்தப் பனியிலே வெளியே நிறுத்துவாங்களா மாப்பிள்ளை? ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாதா?" என்று வாதம் செய்தேன். அவர் பதில் சொல்லவில்லை. பெண்ணை ஒரு கம்பளியில் சுற்றி, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, தெருவில் நின்ற காரில் உட்கார வைத்துவிட்டு, 911-க்குப் போன் செய்தார்.

என் கைப்பையில் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இருந்தது. பெண்ணின் விரலில் மாட்டிப் பார்த்தேன். 98 காட்டியது. "பாருங்க, ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு. வீணா பயமுறுத்திட்டீங்க" என்று அப்போதும் சொன்னேன். 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன வாய் இல்லையா, சும்மா இருக்குமா?

தீயணைப்புக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு, கையில் ஒரு மீட்டரோடு உள்ளே போனார்கள். சில நிமிஷத்தில் வெளியே வந்து, பக்கச் சுவர் ஓரம் குவிந்திருந்த பனியை வாரித் தள்ளினார்கள். அதற்குள் புதைந்து கிடந்தது ஒரு குழாய். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் புகை வெளியேறுகிற குழாய்! வெளியே போக வழியில்லாமல் அந்தக் கழிவு வாயு வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. மூன்று பேரும் சாயங்காலத்திலிருந்து அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தோம்.

அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு.

மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண்ணுக்கு மணிக்கணக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பை விடிய விடியப் பார்த்தார்கள். அந்த ராத்திரி நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஏப்ரலில் பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள்.

ஆனால், தெருவில் நின்றபோது நடந்த ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தீயணைப்புக்காரர்களில் வயசான ஒருவர் வெளியே வரும்போது, அந்த ஷவர் கேப்பை விரலில் மாட்டிக்கொண்டு வந்தார். "இதை யார் போட்டது?" என்று கேட்டார். அதட்டக்கூட இல்லை. நான், தப்புச் செய்த மாணவி மாதிரி கையைத் தூக்கினேன். அவர் என் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், டாக்டர்களைக் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏன் தாளிப்புக்குக் கத்துகிறது?

1930-களில் சுவிட்சர்லாந்தில் வால்ட்டர் யேகர் என்ற விஞ்ஞானி, விஷ வாயுவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்யப் பார்த்தார். வாயுவுக்கு அது அசையவே இல்லை. அலுத்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாராம். கருவியின் முள் நகர்ந்தது! புகை அலாரத்தின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1960-களில் டூவேன் பியர்சால் என்ற அமெரிக்கர், வீட்டில் மாட்டக்கூடிய, பாட்டரியில் ஓடுகிற சின்ன அலாரத்தைக் கொண்டுவந்தார்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அயனி வகை. இதற்குள் அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் கடுகளவுக்கும் குறைவாக இருக்கும். பயப்பட வேண்டாம், பெட்டியை உடைக்காதவரை நமக்குத் தொந்தரவு இல்லை. அது இரண்டு தகடுகளுக்கு நடுவே சின்ன மின்சார ஓட்டத்தை உண்டாக்கும். புகைத் துகள் உள்ளே புகுந்தால் அந்த ஓட்டம் குறையும். உடனே அலறும். கண்ணுக்கே தெரியாத நுண்ணிய துகளுக்கும் இது மசிந்துவிடும். காய்ந்த எண்ணெய், மிளகாய் நெடி இரண்டிலும் அந்த நுண்துகள்தான் ஏராளம். குபீரென்று பற்றி எரிகிற தீயை இது சீக்கிரம் பிடிக்கும்.

இன்னொன்று ஒளி வகை. உள்ளே ஒரு விளக்கின் கதிர் போய்க்கொண்டிருக்கும். புகை வந்தால் கதிர் சிதறி, பக்கத்தில் உள்ள கண்ணில் படும். உடனே அலறும். மெத்தை, சோபா, ஒயர் என்று புகைந்து புகைந்து எரிகிற தீயை இது முதலில் பிடிக்கும். சமையல் நெடிக்கு இது அவ்வளவு சட்டென்று கத்தாது.

ஆக, என் தாளிப்புக்கு அது கத்தியது ரிப்பேரால் இல்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதை மாட்டிய இடம்தான் சரியில்லை. அடுப்பிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி மாட்ட வேண்டும் என்பது விதி. நான் செய்திருக்க வேண்டியதெல்லாம், மாப்பிள்ளையிடம் சொல்லி அதை ஒளி வகையாக மாற்றி, தள்ளி மாட்டச் சொல்வதுதான். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, கரண்டிக்கு மேல் ஒரு மூடியைக் கவிழ்த்தால் பாதி நெடி அடங்கிவிடும். பல அலாரங்களில் 'ஹஷ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. புகை தாளிப்புதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதை அமுக்கினால் போதும். சில நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, தானாகவே மறுபடி காவலுக்கு வந்துவிடும்.

'ஒரு தொப்பி போட்டதற்கா இவ்வளவு?' என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் வீட்டுத் தீயில் சாகிறவர்களில் ஐந்தில் மூன்று பங்குப் பேர், அலாரமே இல்லாத அல்லது அலாரம் வேலை செய்யாத வீட்டில் இருந்தவர்கள். வேலை செய்யாத அலாரங்களில் பல கெட்டுப்போனவையும் இல்லை. சத்தம் பொறுக்காமல் யாரோ பாட்டரியைக் கழற்றியவை! தூங்குகிற மனுஷனைப் புகை வாடை எழுப்பாது. நம் மூக்கும் தூங்கிவிடும். காது மட்டும்தான் விழித்திருக்கிறது. அலாரம் அதனால்தான் அப்படி அலறுகிறது.

அது கத்தினால் பொய் இல்லை

கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு ரகம். தாளிப்பு, அப்பளம், சாம்பிராணி வாசனை எதற்கும் அது இப்படிப் பதறாது. அமெரிக்கத் தரவிதிப்படி, காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு இந்த வாயு இருந்தால், ஒரு மணியிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் கத்த வேண்டும். 150 பங்கு இருந்தால் 10 நிமிஷத்திலிருந்து 50 நிமிஷத்துக்குள். 400 பங்கு என்றால் 4 நிமிஷத்திலிருந்து 15 நிமிஷத்துக்குள். அதாவது, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'இனிமேல் தாங்காது' என்கிற நேரத்தில்தான் வாய் திறக்கும். எங்களுக்குச் சாயங்காலமே தலை வலித்து, அது ராத்திரி பதினொன்றரைக்குக் கத்தியதன் ரகசியம் இதுதான்.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. கேஸ், கரி, விறகு, பெட்ரோல், டீசல் எது எரிந்தாலும், போதுமான காற்று கிடைக்காதபோது இது அதிகமாக உண்டாகும். சமையல் கேஸ் கசிந்தால் நமக்குத் தெரிகிறதே என்று கேட்கலாம். அந்த நாற்றம் கேஸின் சொந்த நாற்றம் இல்லை. நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கம்பெனியில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். எரிந்த பிறகு வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு அப்படிச் சேர்க்க ஆளில்லை.

இது ரத்தத்தில் செய்கிற வேலை மோசமானது. நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருள்தான் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு போகிறது. அதோடு ஒட்டிக்கொள்வதில் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வல்லது. பஸ்ஸில் ஏறி சீட்டைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கிற ஆள் மாதிரி. ஆக்சிஜன் படிக்கட்டிலேயே நிற்க வேண்டியதுதான். மூளையும் இதயமும் முதலில் தவிக்கும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கை கால் சோர்வு, பிறகு குழப்பம், கடைசியில் மயக்கம். ஆளை அசத்தித் தூங்கவைத்துத்தான் கொல்லும்.

வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிசுவின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தாய் தெளிந்த பிறகும் சிசுவின் ரத்தத்திலிருந்து அது இறங்க நேரம் ஆகும். பெண்ணுக்கு அவ்வளவு நேரம் ஆக்சிஜன் வைத்தது இதனால்தான். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். முகமூடி வழியாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும்.

சரி, என் ஆக்சிமீட்டர் ஏன் 98 என்றது? டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கருவி ரத்தத்தின் நிறத்தைப் பார்த்துக் கணக்குப் போடுது அம்மா. கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தமும் நல்ல சிவப்பாத்தான் இருக்கும். அதுக்கு வித்தியாசம் தெரியாது." இதற்கென்று தனியாக ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தயவுசெய்து இதை மறக்காதீர்கள். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு ஆக்சிமீட்டர் இருக்கிறது. அது நல்ல எண் காட்டுகிறதே என்று இந்த விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஜுரம் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியா? வீட்டு நாய்கூடச் சுருண்டு கிடக்கிறதா? வெளியே போனால் தெளிந்து, உள்ளே வந்தால் மறுபடி வலிக்கிறதா? சுக்குப் பற்றைத் தேடாதீர்கள், வெளியேறுங்கள்.

எந்தச் சத்தம் என்ன சொல்கிறது?

அமெரிக்க வீடுகளில் இதற்கு ஒரு பாஷையே இருக்கிறது. போகிற அம்மா, அப்பாக்கள் விமானம் ஏறும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று பீப், நிறுத்தம், மறுபடி மூன்று பீப் என்றால் புகை. உண்மையான தீ என்றால் தப்பிக்க இரண்டு நிமிஷம்தான் கிடைக்கலாம். நகை, பாஸ்போர்ட் எதையும் தேடக் கூடாது. புகை நிறைந்திருந்தால் குனிந்து, தவழ்ந்து போக வேண்டும். மூடியிருக்கிற கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் அதைத் திறக்காமல் வேறு வழி பார்க்க வேண்டும். வெளியே வரும்போது கதவுகளைச் சாத்திக்கொண்டே வந்தால் தீ பரவுவது தாமதப்படும். அடுக்குமாடியில் லிஃப்ட் கூடவே கூடாது. வெளியே வந்தவர் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

நாலு பீப், நிறுத்தம், மறுபடி நாலு பீப் என்றால் கார்பன் மோனாக்சைடு. ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்காராதீர்கள். குழந்தை, பெரியவர், தூங்குகிறவர் எல்லோரையும் எழுப்பி, திறந்த வெளிக்கு வந்து, அங்கிருந்து அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் அளந்து பார்த்து 'போகலாம்' என்கிறவரை உள்ளே நுழையாதீர்கள். பெட்டியைப் பிடுங்கினால் சத்தம் நிற்கும், வாயு நிற்காது.

ஒரு நிமிஷத்துக்கு ஒரு தரம், அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் 'கீச்' என்று ஒற்றைச் சத்தம் மட்டும் வந்தால், பாட்டரி தீர்ந்துவிட்டது அல்லது கருவிக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். பல்லி கத்துகிற மாதிரி இருக்கிறது என்று விட்டுவிடாமல், அன்றைக்கே மாற்றுங்கள். புகை அலாரத்தின் ஆயுள் 10 வருஷம். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருஷம். பின்பக்கம் தேதி போட்டிருக்கும்.

'அதெல்லாம் அமெரிக்காவில்தான்!'

திருச்சிக்குத் திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னபோது, என் வீட்டுக்காரர் முதல் ஆளாக அப்படித்தான் சொன்னார். "அங்கே பனி, அடைச்ச வீடு. நம்ம வீட்டிலே காத்து கொட்டுது. அமெரிக்கா போயிட்டு வந்த பெருமையா?"

நம் பழைய வீட்டுக்கு அவர் சொன்னது சரிதான். முற்றம் இருந்தது. அடுப்பங்கரைக் கூரையில் புகைபோக்கி இருந்தது. ஓட்டு இடுக்கில் காற்று போனது. இன்றைக்கு அப்படியா? ஏ.சி. போட்டால் ஜன்னல் விளிம்பில் ஒரு இடுக்கு விடுகிறோமா? கொசுவுக்கு வலை, தூசுக்குக் கண்ணாடி, பாத்ரூம் வென்டிலேட்டருக்கு, பல்லி வருகிறது என்று அட்டை. மூடின வீட்டை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டோம். மூடின வீட்டுக்கு அவர்கள் வைத்திருக்கிற காவல்காரனை மட்டும் வாங்க மறந்துவிட்டோம்.

கேஸ் கீஸரை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை வைத்து அடைத்த சின்ன பாத்ரூமுக்குள் கீஸர் எரிகிறது. உள்ளே தாழ்ப்பாள். தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதால் குளிக்கிறார்கள் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே ஆள் மயங்கிக் கிடப்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரியும். இது இந்தியாவில் எவ்வளவு நடந்திருக்கிறது என்றால், நம் டாக்டர்களே இதற்கு 'கேஸ் கீஸர் சிண்ட்ரோம்' என்று தனிப் பெயர் வைத்து மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வலிப்பு வந்து விழுந்ததாக நினைத்து, மாதக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உண்டு.

ஊட்டி, கொடைக்கானல் போனால் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கனிந்த கரியில் புகை தெரியாது. அதுதான் ஏமாற்று. 2020 ஜனவரியில், கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன எட்டுப் பேர், தாமன் என்ற மலை ஊரில் தங்கிய அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கதவு ஜன்னலை அடைத்துத் தூங்கினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாலு பேர் குழந்தைகள். அந்த அறையில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருந்திருந்தால்..? நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

தீ விஷயமும் அப்படித்தான். ராத்திரி முழுக்க ஓடுகிற ஏ.சி., தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறுகிற செல்போன், வரவேற்பறையில் சார்ஜ் ஏறுகிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பாட்டரி. முன்னெல்லாம் படுக்கும்முன் அடுப்பை அணைத்தால் முடிந்தது. இப்போது தூங்கும்போதும் நம்மோடு ஏதோ ஒன்று சூடாகிக்கொண்டேதான் இருக்கிறது.

சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல், புதிதாகக் கட்டுகிற எல்லா வீட்டிலும் புகை அலாரம் கட்டாயம். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், கேஸ் பாய்லர் மாதிரி எரிகிற சாதனம் உள்ள அறையில், வாடகைக்கு விடுகிறவர் தன் செலவிலேயே கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்க வேண்டும். நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ் என்று விளம்பரத்தில் அடுக்குகிற நம் ஊர் பில்டர்கள், ஃப்ளாட்டுக்கு இரண்டு அலாரம் வைத்துக் கொடுத்தால் குறைந்தா போவார்கள்? வாடகை வீட்டில் கேஸ் கீஸரை மாட்டிக் கொடுக்கிற வீட்டுக்காரருக்கு அந்தப் பொறுப்பு வேண்டாமா? சட்டம் வரும்போது வரட்டும். நம் வீட்டுக்கு நாமே போட்டுக்கொள்ள யார் அனுமதி வேண்டும்? ஆரி வேலை போட்ட ஒரு ஜாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசுதான்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அலாரம் கடைசிக் காவல். கேஸ் கீஸரைப் பாத்ரூமுக்குள் வைத்துவிட்டு, அலாரம் இருக்கிறதே என்று தைரியமாக இருக்கக் கூடாது. கீஸர் வெளியே இருக்க வேண்டும், புகை வெளிக்காற்றில் போக வேண்டும். முடிந்தால் கரண்ட் கீஸருக்கே மாறிவிடுங்கள். ஜெனரேட்டரை பால்கனியிலோ, மாடிப்படிக்குக் கீழோ வைக்காதீர்கள். கரி அடுப்பு படுக்கை அறைக்குள் வரவே கூடாது.

கடையில் கேட்கும்போதும் கவனம். கேஸ் லீக் டிடெக்டர் என்று விற்பது சமையல் கேஸ் கசிவை மட்டும்தான் கண்டுபிடிக்கும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் அதைத் தரைக்குக் கொஞ்சம் மேலே மாட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்டக் காற்றின் எடைதான், அறை முழுக்கக் கலந்து நிற்கும். அதற்கான அலாரம் படுக்கை அறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். புகை மேலே ஏறும், எனவே ஸ்மோக் அலாரம் கூரையில். மூன்றும் மூன்று வேலை. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். கேஸ் கசிந்தால் 1906, தீ என்றால் 101, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த மூன்று எண்ணையும் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள்.

இப்போது எங்கள் திருச்சி வீட்டில், ஹாலில் ஒன்று, படுக்கை அறை வாசலில் ஒன்று என்று இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. பாத்ரூமிலிருந்த கேஸ் கீஸரைக் கழற்றியாகிவிட்டது. மாசம் பிறந்து காலண்டர் தாளைத் திருப்புகிற அன்றைக்கே டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துவிடுவேன். முதல் தடவை அமுக்கியபோது என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். "சத்தம் இவ்வளவு பெரிசா?" என்றார். காது கொஞ்சம் மந்தமான அவரையே எழுப்புகிறது என்று எனக்குத் திருப்தி. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் படுக்கிற அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். கத்தினால் எங்கே போய் நிற்பது என்று குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டுக்கு எதிர் வேப்பமரத்தடி.

வத்தக்குழம்பு வைக்கும்போது இன்னமும் ஒரொரு சமயம் அது கத்துகிறது. ஜன்னலைத் திறக்கிறேன், ஹஷ் பட்டனை அமுக்குகிறேன், குழம்பைக் கொதிக்க விடுகிறேன். ஷவர் கேப் பக்கம் மட்டும் கை போவதில்லை.

உங்கள் பெண்ணோ, பிள்ளையோ வெளிநாட்டில் இருந்தால், இன்றைக்குப் போன் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு, "அந்த அலாரத்துல பாட்டரி இருக்கான்னு பாரு" என்றும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுப் பாத்ரூம் வென்டிலேட்டரில் அட்டை ஏதாவது இருந்தால், அதையும் எடுத்துவிடுங்கள்.